சீன எழுத்தில் கோட்டு வரிசை: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி (மாண்டரின் தொடங்கியிருக்கும் மாணவர்): எழுத்து கடைசியில் சரியாக வந்தால் போதாதா? எந்தக் கோட்டை முதலில் போட்டால் என்ன?

பதில்: நிதானமாக எழுதும்வரை வித்தியாசம் தெரியாது. வேகம் கூடினால் தெரியும். அப்போது பேனா முழுதாக எழும்பாமல் ஒரு கோட்டின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு இழுபடும். அந்த இழுப்பைப் பார்த்துத்தான் படிப்பவர் எழுத்தை அடையாளம் காண்கிறார். வரிசை மாறினால் இழுப்பு வேறு பக்கம் விழும், அவருக்குப் புரியாது.

‘நீர்’ என்பதற்கான ஷ்வே எழுத்தைப் பாருங்கள். முதலில் நடுவில், கொக்கியோடு முடியும் நெடுக்கோடு. அப்புறம் இடப்பக்கம், கடைசியில் வலப்பக்கம். நடுக்கோடு நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் எவ்வளவு விரியலாம் என்று கைக்குப் பிடிபடும். பக்கங்களை முதலில் எழுதினால் நடுக்கோடு ஓரமாகத்தான் போய் உட்காரும்.

கேள்வி: போனில் பின்யின், அதாவது சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில், தட்டினால் எழுத்து வந்துவிடுகிறதே?

பதில்: பின்யின் தட்ட உச்சரிப்பு தெரிந்திருக்க வேண்டும். தெரியாத எழுத்துக்குக் கோடு வழி உள்ளீட்டு முறை இருக்கிறது. கிடை, நெடு, இடச்சாய்வு, புள்ளி, மடிப்பு என்று ஐந்தே விசை. வலச்சாய்வு புள்ளியோடு சேரும். அதில் தட்டுவதே கோட்டு வரிசைதான்.

கேள்வி: பெட்டி வடிவத்தை ஒரே சுற்றில் வரையலாமா?

பதில்: கூடாது. ‘வாய்’ எழுத்துக்கு மூன்று கோடு. இடது நெடு ஒன்று, மேல் கிடையும் வலது நெடுவும் சேர்ந்த மடிப்பு ஒன்று, கடைசியில் அடி. ‘நாடு’ எனும் குவோ போல உள்ளே ஏதாவது இருந்தால் அதை எழுதிவிட்டுத்தான் அடியை மூட வேண்டும்.

கேள்வி: ‘அரசன்’ எனும் வாங் எழுத்தை இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: ஒருவர் சீனம், மற்றவர் ஜப்பானியம் சொல்லித்தருபவராக இருக்கும். சீனாவில் மேல் கிடை, நடுக் கிடை, நெடு, பிறகு அடிக் கிடை. ஜப்பானில் மேல் கிடை முடிந்ததும் நெடு, அதன்பின் மற்ற இரண்டு. ‘வயல்’ எழுத்திலும் பெட்டிக்குள் சீனாவில் கிடை முந்தும், ஜப்பானில் நெடு முந்தும். ‘வலது’ எழுத்தைச் சீனாவில் கிடைக்கோட்டில் தொடங்குவார்கள், ஜப்பானில் சாய்வில். ‘இடது’ மட்டும் இரு நாட்டிலும் கிடையில்தான் தொடங்கும்.

ஜப்பான் கல்வி அமைச்சகம் 1958இல் வழிகாட்டி வெளியிட்டது. சீனா 1997இல் 7,000 எழுத்துகளுக்கு வரிசை வகுத்தது. 2021 மார்ச்சில் நடப்புக்கு வந்த தரத்தில் 8,105 எழுத்துகள். ஒரு நாட்டு வரிசையைப் பிடித்தால் அதையே பிடியுங்கள். தயவுசெய்து கலக்காதீர்கள்.

கேள்வி (ஜப்பானியம் படிப்பவர்): கோடுகளை இணைத்து வேகமாக எழுதும் விரைவெழுத்தில் சீனக் கலைஞர்களே வாங்கின் நெடுவை இரண்டாவதாகப் போடுகிறார்கள். அப்படியானால் சீனத் தரம்தானே தவறு?

பதில்: போடுகிறார்கள், உண்மைதான். மேல் கிடையிலிருந்து நெடுவுக்கு இறங்கி, மற்ற இரண்டு கிடைகளையும் ஒரே இழுப்பில் கோக்க அது வசதி. அதற்காக நிதானமாக எழுதும் எழுத்துக்கு வகுத்த தரம் தவறாகிவிடாது. நீங்கள் நம்பும் அந்த ஜப்பானிய வழிகாட்டியே, தன்னிடம் இல்லாத வரிசைகளைத் தவறென்று சொல்ல வரவில்லை என்று எழுதியிருக்கிறது.

கேள்வி (இன்னொருவர்): அப்போ எந்த வரிசையும் சரிதானே?

பதில்: இல்லவே இல்லை. மரபில் இரண்டு வழி இருப்பது வேறு, மனம் போனபடி எழுதுவது வேறு. அடிக் கிடையில் தொடங்கி மேலே ஏறி வாங் எழுதும் வழக்கம் சீனாவிலும் இல்லை, ஜப்பானிலும் இல்லை.

கேள்வி: பார்க்க நன்றாக இருந்தால் வரிசை எதற்கு?

பதில்: முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். இதையே கேட்டிருக்கும் மற்றவர்களும் அதைப் படியுங்கள்.

கேள்வி: நான் இடக்கைக்காரன். வரிசையை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். தாளைச் சாய்த்து வையுங்கள், வரிசை அதேதான்.

கேள்வி: எந்தத் தூரிகை வாங்கலாம்?

பதில்: நான் பேனா எழுத்துதான் கற்பிக்கிறேன். தூரிகை எழுத்து பயிற்றுவிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி (பினாங்கிலிருந்து ஓர் அம்மா): மகள் சீனத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. ஜப்பானியர் எழுதும் சீன எழுத்தான காஞ்சியைக் கற்றுத்தரும் செயலியில் பழக்கலாமா சார்?

பதில்: வேண்டாம்மா. மேலே சொன்ன கலப்பு இதுதான். மலேசியச் சீனப் பள்ளிகளில் கோடுகளைக் குறைத்து எளிதாக்கிய எழுத்து. செயலியில் பல எழுத்துகளின் வடிவமே மாறும், வரிசையும் மாறும். பள்ளிப் பாடநூலில் உள்ளதையே பழக்குங்கள். கட்டத்துக்குள் புள்ளிக்கோட்டால் கூட்டல் குறி போட்ட நோட்டு கடையில் கிடைக்கும். தினம் நான்கைந்து எழுத்து போதும். அவள் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பாருங்கள், முடிந்த தாளைப் பார்த்தால் வரிசை தெரியாது.