சொரசொரப்பான தாளில் புகைப்படம் இறங்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

புகைப்படத்தை ஓவியத் தாளில் இறக்கி, அதோடு வண்ணத்தையும் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளில் பாதி, தாளின் மேடுபள்ளத்தில்தான் வந்து நிற்கின்றன. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: 300 ஜி.எஸ்.எம். கோல்ட் பிரஸ் தாளில் (கனமான, சொரசொரப்பான ஓவியத் தாள்) அக்ரிலிக் ஜெல் (காய்ந்தால் தெளியும் கெட்டியான பசை) தடவி, பாட்டியின் பழைய படத்தின் லேசர் பிரிண்ட்டைக் கவிழ்த்து ஒட்டினேன். காய்ந்தபின் நனைத்துத் தேய்த்தால் முகம் முழுக்க வெள்ளைப் பொட்டுகள். ஜெல் போதவில்லையா?

ஜெல்லைக் குறை சொல்ல வேண்டாம். லேசர் பிரிண்ட்டில் படமாக இருப்பது டோனர் என்ற பிளாஸ்டிக் தூள். ஜெல் எங்கே தொடுகிறதோ அங்கேதான் அதைப் பற்றிக்கொள்ளும். சொரசொரப்பான தாளில் பிரிண்ட் மேடுகளில் மட்டும் அமர்ந்து, பள்ளங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. அவையே உங்கள் வெள்ளைப் பொட்டுகள்.

தாளில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைக் கனமாகப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் மழமழப்பாக்கிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். அப்படிச் செய்வதென்றால் அந்தத் தாளுக்குக் கொடுத்த விலை வீண்.

நான் சொல்வது ஜெல் தோல் முறை. ஜெல்லைத் தாளில் தடவாமல் பிரிண்ட்டின் முகத்திலேயே தடவுங்கள். ஒரு பூச்சு குறுக்கே, அது காய்ந்தபின் அடுத்தது நெடுக்கே என்று நான்கைந்து பூச்சு. பாலாக இருக்கும் ஜெல் கண்ணாடிபோல் தெளிந்தால்தான் காய்ந்ததாக அர்த்தம். மழைக்காலத்தில் ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பின்பக்கத்துக் காகிதத்தை விரல் நுனியால் தேய்த்தால் சிறு திரிகளாகச் சுருண்டு வந்துவிடும். மிஞ்சுவது, படத்தைத் தன்னுள் வைத்திருக்கும் இழுபடும் மெல்லிய தோல். ஓவியத் தாளில் ஜெல் தடவி அதைப் பரப்பி, ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள், பள்ளத்துக்குள்ளும் படிந்துவிடும். படம் இடவலம் மாறாது என்பது உபரி லாபம்.

பாட்டி படத்துக்கு என் யோசனை: முகத்தைத் தோல் முறையில் இறக்குங்கள். புடவையும் பின்னணியும் நேரடி முறையிலேயே, அதாவது நீங்கள் செய்தபடி தாளில் ஜெல் தடவிப் பிரிண்ட்டைக் கவிழ்த்து ஒட்டுவதாகவே, இருக்கட்டும். அங்கே படம் அறுந்து அறுந்து வருவது அழகுதான்.

கேள்வி: ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று தெரிகிற படம், காய்ந்ததும் வெளுத்துப்போகிறதே?

காகித நார் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி நனைத்து, மறுபடி தேய்க்கவும். அவசரப்பட்டு அழுத்தினால் டோனரும் கூடவே வந்துவிடும். கடைசியில் மிஞ்சும் மங்கல், மேலே ஜெல்லை மெல்லிதாக ஒரு பூச்சு பூசினால் மறையும்.

கேள்வி: முதலில் வண்ணமா, படமா?

நல்ல கேள்வி. பிரிண்டர் வெள்ளையை அச்சிடுவதில்லை; பிரிண்ட்டில் வெள்ளையாகத் தெரிவது காகிதம். காகிதம் போனால் அந்த இடங்கள் ஊடுருவித் தெரியும் வெற்றிடங்கள். அடியில் நீங்கள் என்ன வண்ணம் வைத்திருக்கிறீர்களோ, அதுவே படத்தின் வெளிச்சம். ஆகவே அடி வண்ணம் வெளிறியதாக இருக்கட்டும்: நீர்த்த மஞ்சள் ஓக்கர், சற்றே பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு. அடியில் கருநீலம் வைத்தால் படம் அதில் மூழ்கிவிடும். அடியில் இருப்பது நீர்வண்ணம் என்றால், ஜெல்லை ஒரே வீச்சில் தடவுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் வண்ணம் கரைந்து ஜெல்லோடு கலங்கும்.

படத்துக்கு மேலே தீட்டும்போது மேடுபள்ளம் உங்களுக்கு உதவிக்கு வருகிறது. நேரடி முறையில் படம் மேடுகளில் இருக்கிறது, பள்ளம் வெறுமையாக இருக்கிறது. அக்ரிலிக் வண்ணத்தை மீடியமும் (வண்ணத்தோடு கலக்கும் நிறமற்ற அக்ரிலிக் திரவம்) நீரும் சேர்த்து நீர்க்கப் பூசி, உடனே துணியால் மேலாகத் துடைத்தால், வண்ணம் பள்ளத்தில் தங்கிவிடும். படத்தின் மேல் ஏறாது. உலர்ந்த தூரிகையை இழுத்தால் நேரெதிர்: வண்ணம் மேட்டில் உட்கார்ந்து படத்தை மறைக்கும். எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தூரிகையை எடுங்கள்.

ஜெல்லின் மேல் நேரடியாக நீர்வண்ணம் பூசினால் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். கலர் பென்சில் வேண்டுமானால் பளபளப்பில்லாத மேட் ஜெல் வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் இருப்பது இங்க்ஜெட் பிரிண்டர். சரிப்படுமா?

நனைத்துத் தேய்க்கும் முறைக்குச் சரிப்படாது. மை கரைந்து ஓடும். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சாதாரணத் தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். நேரடி முறை என்றால் 'மிரர்' செய்து, அதாவது இடவலம் மாற்றி, கேளுங்கள். கடைப் பலகை எழுத்து இடவலம் மாறினால் எல்லோருக்கும் தெரியும்; புடவை முந்தானை இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போயிருப்பதைப் படம் முடிந்த பிறகுதான் யாராவது கவனிப்பார்கள். ஸ்டூடியோவில் கழுவிய அசல் படத்தை மட்டும் இதற்குப் பலி கொடுக்காதீர்கள். ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஜெல் விலை அதிகம். மரவேலைக்கான வெள்ளைப் பசை போதாதா?

போதாது. நீர் பட்டால் இளகும். நீங்கள் நனைத்துத் தேய்க்கப் போகிறீர்களே!

கேள்வி: எனக்கு நீர்வண்ணம்தான் கைவந்தது. ஜெல்லே இல்லாமல் வழி உண்டா?

உண்டு. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க் 1958 முதல் 1960 வரை இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'நரகம்' என்ற காவியப் பகுதியின் 34 காண்டங்களுக்கும் காண்டத்துக்கு ஒன்றாகப் படங்கள் செய்தார். பத்திரிகைப் படங்களை லைட்டருக்கு ஊற்றும் எரிதிரவத்தால் நனைத்து, தாளில் கவிழ்த்துப் பின்புறம் தேய்த்தார். தேய்த்த கோடுகள் அப்படியே பதிந்திருக்கும். அவற்றை மறைக்காமல் விட்டதில்தான் அவர் கெட்டிக்காரத்தனம்.

இன்று லேசர் பிரிண்ட்டுக்கு அசிட்டோன் என்ற கரைப்பான் போதும். அது டோனரை இளக்கிவிடும். மிரர் பிரிண்ட்டைக் கவிழ்த்து டேப் போட்டு, பின்புறம் பஞ்சால் லேசாக நனைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்கவும். சீக்கிரம் ஆவியாகும் என்பதால் உள்ளங்கை அளவு இடமாக நகருங்கள். அதிகம் ஊற்றினால் படம் கலங்கிவிடும். தாளின் மேல் ஜெல் படலம் இல்லாததால் நீர்வண்ணம் வழக்கம்போல் ஊறும். உங்களுக்கு இதுவே சரியான வழி.

ஒரு கண்டிப்பு: அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் அருகில் எரியக் கூடாது.

கேள்வி: கையால் செய்த காகிதம் ஏற்றதா?

வாங்கியதும் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால், ஈரத்தில் தேய்க்கும் வேலையைத் தாங்காது. அசிட்டோன் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு சற்று நேரம் நின்றால் ஜெல்லுக்கும் துணிந்து எடுக்கலாம்.

கேள்வி: பத்திரிகையில் வந்த நடிகர் படத்தை இறக்கி, தீட்டி விற்கலாமா?

வீட்டில் பழகுவதற்குச் சரி, விற்பதற்கு அனுமதி வேண்டும். இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள்வரை உரிமை உண்டு. மேலே வண்ணம் பூசிவிட்டதால் அது தானாக உங்களுடையதாகிவிடாது. உங்கள் தாத்தா காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட குடும்பப் படம் என்றால் கதை வேறு: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே உரிமை என்கிறது அதே சட்டம்.