சிஎஸ்எஸ் மட்டும் வைத்துப் படங்களை முன்னாடியே இறக்கலாமா? பெங்களூர் நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

அல்சூர்: அண்ணா, நகைக்கடை தளம் ஒன்று செய்கிறேன். பட்டன் மேல் மவுஸ் போனதும் படம் மாறணும், ஆனால் ஒரு கணம் வெறுமையாகிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் சேர்க்க வழியில்லை.

பதில்: ஹோவர் விதியில் (மவுஸ் மேலே இருக்கும்போது மட்டும் செயல்படும் சிஎஸ்எஸ் விதி) எழுதிய படத்தை, மவுஸ் மேலே வரும்வரை பிரவுசர் கேட்கவே கேட்காது. அதனால்தான் அந்த வெறுமை. பாடிக்கு ஒரு ::ஆஃப்டர் (பக்கத்தின் கடைசியில் சிஎஸ்எஸ் தானே சேர்க்கும் ஒரு பெட்டி) எழுதி, கன்டென்ட்டில் படங்களின் யூஆர்எல்களை இடைவெளி விட்டு வரிசையாகக் கொடுங்கள். கூடவே பொசிஷன் அப்சல்யூட், அகலம் 0, உயரம் 0, ஓவர்ஃப்ளோ ஹிட்டன். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அகலமும் உயரமும் பெட்டியைத்தான் சுருக்கும், உள்ளே இருக்கும் படம் அதே அளவில்தான் இருக்கும். பக்கத்தின் அடியில் அப்படியே துருத்திக்கொண்டு தெரியும்.

சின்னப் பட்டன்களுக்கு நான் ஸ்பிரைட்டையே (பல நிலைகளை ஒரே படத்தில் அடுக்குவது) சொல்வேன். 40 பிக்சல் உயரப் பட்டனுக்கு 80 பிக்சல் படம்: மேல் பாதி சாதாரண நிலை, கீழ்ப்பாதி ஹோவர் நிலை. ஹோவரில் பேக்ரவுண்ட் பொசிஷனை 0 -40 பிக்சல் ஆக்கினால் போதும். இறங்குவது ஒரே ஃபைல், அதுவும் முதலிலேயே வந்துவிடும்.

ஒயிட்ஃபீல்ட்: டிஸ்ப்ளே நன் (பெட்டியை முழுக்க மறைக்கும் விதி) கொடுத்த டிவ்வுக்குள் பேக்ரவுண்ட் படங்களை வைத்தேன். பிரவுசரின் டெவ்டூல்ஸில், இறங்கும் ஃபைல்களைக் காட்டும் நெட்வொர்க் டேபில் ஒன்றுமே வரவில்லை சார்.

பதில்: வராது. டிஸ்ப்ளே நன் கொடுத்த டிவ்வுக்குள் இருப்பவற்றுக்கு பிரவுசர் பெட்டியே உருவாக்காது, அதனால் அவற்றின் பேக்ரவுண்ட் படத்தையும் இறக்காது. மேலே சொன்ன ::ஆஃப்டர் முறைக்கு மாறுங்கள்.

ஜெயநகர்: ஒரே படம் இரண்டு தடவை இறங்குகிறதே?

பதில்: இரண்டு இடத்திலும் யூஆர்எல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒன்றின் கடைசியில் வெர்ஷன் எண் ஒட்டியிருந்தாலே பிரவுசருக்கு அது வேறு படம். டெவ்டூல்ஸில் டிஸேபிள் கேஷ் (சேமித்து வைத்த ஃபைலைப் பயன்படுத்தாதே என்ற தெரிவு) டிக்கையும் எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

கோரமங்கலா: முகப்பு பேனருக்கும் இதையே செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சிஎஸ்எஸ் ஃபைல் வந்து சேர்ந்த பிறகுதான் அதற்குள் ஒரு படம் இருப்பதே பிரவுசருக்குத் தெரியும். முதல் பார்வையில் தெரியவேண்டிய படத்துக்கு ஹெட் பகுதியில் லிங்க் ரெல் பிரீலோட் (படத்தை முன்கூட்டியே இறக்கச் சொல்லும் எச்டிஎம்எல் வரி) கொடுங்கள்.

இந்திராநகர்: மெட்ரோவில் போகிறவர்கள் மொபைலில்தான் பார்க்கிறார்கள். அவர்கள் டேட்டா வீணாகாதா அண்ணா?

பதில்: நிச்சயம் வீணாகும். 200 கேபி படம் ஐந்து என்றால் 1 எம்பி. தொடுதிரையில் ஹோவரே கிடையாது. அந்த ::ஆஃப்டர் விதி முழுவதையும் மீடியா ஹோவர்: ஹோவர் என்ற நிபந்தனைக்குள் வையுங்கள். மவுஸ் உள்ள கணினியில் மட்டும் இறங்கும்.