தையல் கூடத்தில் வானொலி: பிரித்தானியாவின் இசை உரிமக் கட்டணம்

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று பேரை வைத்துத் தையல் கூடம் தொடங்கியிருப்பதாகவும், அங்கே வானொலி போடுவதற்குக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது மோசடியா, கட்டித்தான் ஆக வேண்டுமா என்பதே உங்கள் கேள்வி. இப்படி ஒரு கட்டணம் உண்மையிலேயே இருக்கிறது. லெஸ்டர் நகரில் உள்ள பிபிஎல் பிஆர்எஸ் என்ற நிறுவனம் 2018 முதல் அதை வசூலித்து வருகிறது. ஆயினும் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைக்காமல், அவர்களுடைய இணையதளத்தில் எண்ணைப் பார்த்து அழைத்து, கடிதம் அவர்கள் அனுப்பியதுதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வானொலி நிலையமே பணம் கட்டியிருக்கும்போது நாம் ஏன் மறுபடியும் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிலையம் கட்டுவது ஒலிபரப்புவதற்கான பணம். அந்த ஒலிபரப்பை உங்கள் வேலையாட்களும் அளவு கொடுக்க வருபவர்களும் கேட்கும்படி வைப்பது, 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவில் இசையை நிகழ்த்துவதாகிறது. வாடிக்கையாளர் எவரும் நுழையாத பின்னறையாக இருந்தாலும் நிலைமை மாறாது. தொழிற்சாலைக்குள் தொழிலாளர்களுக்காக மட்டும் ஒலிக்கும் இசையும் பொது நிகழ்த்தலே என்று இங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1943இலேயே தீர்ப்பளித்துவிட்டது. வேலையாள் தன் சொந்த ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தால் நமக்குப் பொறுப்பில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். மெக்கானிக்குகளின் ரேடியோ சக ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கேட்டது என்று க்விக் ஃபிட் என்ற கார் பழுதுபார்க்கும் நிறுவனத்தின் மேல் 2,00,000 பவுண்ட் கேட்டு வழக்குத் தொடரப்பட்டது. அதைத் தள்ளுபடி செய்ய எடின்பரோ நீதிமன்றம் 2007இல் மறுத்தது.

நீங்கள் கட்டும் பணம் இரண்டு தரப்புக்குப் போகிறது. 1914இல் தொடங்கிய பிஆர்எஸ், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பதிப்பாளர் ஆகியோரின் பங்கைப் பெறுகிறது. 1934இல் தொடங்கிய பிபிஎல், ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் அதில் பாடியவர், வாசித்தவர்களுக்கும் உரியதைப் பெறுகிறது. முன்பு இரண்டுக்கும் தனித்தனி பில் வரும், இப்போது ஒரே உரிமத்தில் அடங்கிவிடும். தமிழ்ப் பாட்டு மட்டும் போடுவதால் விலக்குக் கிடைக்காது. பிஆர்எஸ் போலவே இந்தியாவில் உரிமத்தொகை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்துக்கும் பிஆர்எஸ்ஸுக்கும் இடையே பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. காலையில் தியாகராஜர் கீர்த்தனை மட்டும்தான் என்று சொல்பவர்களும் உண்டு. 1847இல் மறைந்தவரின் இயற்றலுக்கு இன்று உரிமை கோர எவரும் இல்லை என்பது சரியே, ஆனால் அதை அண்மையில் பாடிப் பதிவு செய்தவரின் உரிமை அப்படியே நிற்கிறது. ஒரு பாட்டில் பத்து விநாடி வயலின் வாசித்தவருக்கும் இந்த வழியாக ஏதாவது போய்ச் சேர முடியும் என்பதால், இந்தக் கட்டணத்தை நான் நியாயமானதாகவே கருதுகிறேன்.

கனடாவில் உள்ள உங்கள் மைத்துனர் அங்கே இப்படி எதுவும் இல்லை என்று சொன்னது பொய்யன்று. சாதாரண வானொலிப் பெட்டியில் கேட்கவைக்கும் கடைக்காரரிடம் உரிமத்தொகை வாங்கக் கூடாது, இயன்றவரை வானொலி நிலையங்களிடமே வாங்க வேண்டும் என்று அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு சொல்கிறது. அது கனடாவின் சட்டம், இங்கே செல்லாது. வெளிநாட்டு உறவினர்களின் ஆலோசனையால் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இத்தகைய விடயங்களில்தான். தொலைக்காட்சி உரிமத்தையும் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், வானொலிக்கென்று இருந்த அந்த வகை உரிமம் 1971இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

தொகை உங்கள் வேலையாட்களின் எண்ணிக்கை, இடத்தின் அளவு, இசை ஒலிக்கும் விதம் ஆகியவற்றைப் பொறுத்தது. அதன் மேல் 20 சதவீத வாட் வரி சேரும். உரிமம் எடுக்காமலேயே இசையை ஒலித்து வந்திருந்தால், முதல் ஆண்டின் பிஆர்எஸ் பங்கு வழக்கமானதைவிட 50 சதவீதம் கூடும். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு இது கடுமையான விதி என்பதே என் எண்ணம். ஆகவே அவர்கள் மறுபடி எழுதும்வரை காத்திராமல் இந்த வாரமே அழையுங்கள். தையல் அறை, வாடிக்கையாளர் வந்து நிற்கும் முன்பகுதி, தொலைபேசியில் காத்திருப்பவருக்கு ஒலிக்கும் இசை என எங்கெல்லாம் பாட்டுக் கேட்கிறது என்பதைத் தனித்தனியாகச் சொல்லி, தொகையை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

கட்ட விருப்பமில்லை என்றால் வானொலியை நிறுத்திவிடுவதுதான் நேர்மையான வழி. சொந்தக் கணக்கில் ஸ்பாட்டிஃபை போடுவது மாற்றாகாது, அதன் விதிகள் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் காதுக்குள் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்பது தனிப்பட்ட கேட்டல் என்றாலும், ஓவர்லாக் மெஷின் ஓடும்போது அருகில் இருப்பவர் கூப்பிடுவது கேட்காமல் போகும் என்பதால், ஒரு காதிலாவது அதை மாட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். உரிமம் எடுத்த பிறகு ஆட்கள் குறைந்தாலோ இசையை நிறுத்தினாலோ, அடுத்த ஆண்டுக்கான பில் வருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.