கொரியன், மராத்தி, போய்ட்டு வரேன்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாகப் புனேயில் வேலை. எங்கள் கம்பெனியில் மேலாளர்கள் கொரியர்கள், தொழிலாளர்கள் மராத்திக்காரர்கள். ஆறு மாதமாகக் கொரியன் வகுப்புக்குப் போகிறேன். பக்கத்தில் உட்காரும் மராத்திப் பெண் கொரிய வாக்கியத்துக்குக் கீழே சொல்லுக்குச் சொல் மராத்தியில் எழுதிக்கொள்கிறாள், பொருந்திவிடுகிறது. நான் ஆங்கிலம் வழியாகப் போராடுகிறேன். இரண்டு மொழிக்கும் உறவு உண்டா? கொரியர்களும் அம்மா, அப்பா என்பதால் இரண்டுக்கும் மூலம் தமிழ்தான் என்கிறார் என் அண்ணன். ஹிந்தியை வைத்தே சமாளித்துவிடுவதால் நான் மராத்தி கற்கவில்லை. கொரியனுக்காக மராத்தியும் கற்கலாமா, அல்லது நேரம்தான் வீணாகுமா?

எம்.

அன்புள்ள எம்.,

உறவு இல்லை. மராத்தி இந்தோ-ஆரியக் குடும்பம், மகாராஷ்டிரிப் பிராகிருதத்தின் வழியில் வந்தது. கொரியனுக்கு ஜேஜு தீவின் மொழியைத் தவிர நிரூபிக்கப்பட்ட சொந்தம் எதுவும் கிடையாது. உங்கள் அண்ணன் சொல்வது போன்ற ஒன்றை ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே சியோலில் இருந்துகொண்டு புத்தகமாகப் போட்டுவிட்டார், கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு. மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. பல் முளைக்காத குழந்தையின் வாயில் ம-வும் ப-வும் தானாக வரும், அதனால் உலகம் முழுக்க அம்மா அப்பா மாதிரிச் சொற்கள் கிடக்கின்றன. மராத்தியிலோ அம்மா 'ஆயி', அப்பா 'பாபா'. அண்ணன் கணக்குப்படி பார்த்தால் புனேயைவிட சியோல் நமக்குப் பக்கம். இப்படி ஒத்த சொற்களைப் பட்டியல் போடும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். பக்கத்து இருக்கைப் பெண் தன் மொழியைக் கீழே எழுதிப் படிக்கிறாள். நீங்கள் ஏன் தமிழில் எழுதிப் பார்க்கவில்லை? 'நான் நேற்று கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தேன்.' இதை மராத்தியில் சொல்லுங்கள்: 'மீ கால் துகானாத் ஜாவூன் மீட் கேவூன் ஆலோ.' கொரியனில்: 'நானுன் ஒஜே காகெயே காசொ சொகுமுல் சா வத்தா.' மூன்றிலும் ஏழு சொல், ஏழும் அதே வரிசை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, போய், வாங்கி என்ற எச்சங்கள் வரிசையாக நிற்கின்றன, முற்று கடைசியில் வந்து கதவைச் சாத்துகிறது. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து, அங்கிருந்து திரும்ப நிமிர்த்திக் கொரியனுக்குக் கொண்டுவருகிறீர்கள். கையில் சாவி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக ஏறுகிறீர்கள், அதுவும் ஆறு மாதமாக.

சாப்பிட்டுப் பாருங்கள் என்கிறோம். மராத்திக்காரர் 'காவூன் பகா' என்கிறார், கொரியர் 'மொகொ பொசெயோ' என்கிறார். மூன்றிலும் நாக்கு செய்யும் வேலைக்குப் பார்த்தல் என்றுதான் பெயர். காலின் மசிகா என்ற மொழியியலாளர் 1976இல் இத்தகைய அமைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வரைபடத்தில் குறித்தார். அவற்றில் பல இந்தியாவோடு நிற்கவில்லை. துருக்கிய, மங்கோலிய மொழிகள் வழியாகக் கொரியா, ஜப்பான் வரை போயின. நடுவில் சீனம் சேரவில்லை, அங்கே வினை முன்னால், செயப்படுபொருள் பின்னால். ரத்த சொந்தம் இல்லாமலே ஒரே மாதிரி நடக்கும் மொழிகள் உண்டு. மராத்தியின் நடையில் திராவிடத்தின் பங்கு உண்டு என்று பலர் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். நாம், நாங்கள் என்று நாம் பிரிப்பதை அவர்கள் ஆபண், ஆம்ஹீ என்று பிரிக்கிறார்கள். ஆனால் எச்ச வினை சமஸ்கிருதத்திலும் உண்டு, 'கத்வா' என்றால் போய். அதனால் எல்லாவற்றையும் நம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

எழுத்து, எண், மரியாதை விகுதி பற்றியெல்லாம் பிறகு பேசலாம். கொரிய எழுத்தான ஹங்குல் ஒரு வாரத்தில் வந்துவிடும். 1446இல் செஜோங் மன்னர் அதை வெளியிட்டதே எளிய மக்கள் படிக்கத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் உங்கள் புனேயின் சதாசிவ் பேட்டில், வாடா என்று அவர்கள் சொல்லும் ஒரு பழைய முற்றத்து வீட்டில் மாடி அறையில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார ஆஜி, அதாவது பாட்டி. எழுபது தாண்டியவர், ஹிந்தி பேசவே மாட்டார். நானும் உங்களைப் போல ஹிந்தியை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலை, கற்றுக்கொண்ட இரண்டு சொல்லைத் துணிந்து சொன்னேன்: 'மீ ஜாதோ.' நான் போகிறேன். ஆஜி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். 'ஜாதோ என்று சொல்லக் கூடாது. யேதோ என்று சொல்' என்றார், முகமெல்லாம் சிவந்து. யேதோ என்றால் வருகிறேன். என் அம்மா வாசற்படியில் நின்று எத்தனை முறை என்னை அதே குரலில் திட்டியிருக்கிறாள், போறேன்னு சொல்லாதடா என்று! அன்றைக்குத்தான் எனக்கு மராத்தி தொடங்கியது.

உங்கள் கொரிய மேலாளர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, 'கத்தா ஒல்கேயோ' என்பார். கத்தா, போய். ஒல்கேயோ, வரேங்க. அந்தக் கடைசி 'யோ' நம் 'ங்க' செய்யும் வேலையைச் செய்கிறது, சின்னவர்களிடம் அது உதிர்ந்துவிடும். மராத்தியில் 'ஜாவூன் யேதோ', சொல்பவர் பெண்ணாக இருந்தால் 'யேதே'. ஆணா பெண்ணா என்பதை மராத்தி 'நான்' பேசும்போதே காட்டிவிடுகிறது. தமிழும் கொரியனும் காட்டுவதில்லை. கொரியனில் பெயர்களுக்குப் பாலே கிடையாது. மராத்தியில் மூன்று, அதிலும் குழந்தையைக் குறிக்கும் 'மூல்' என்ற சொல் நம் 'குழந்தை'யைப் போலவே அஃறிணையாக அழுகிறது, சிரிக்கிறது. ஒற்றுமையை மட்டும் தேடுகிறவர்கள் இதையெல்லாம் தவறவிட்டுவிடுகிறார்கள்.

மராத்தி கற்கலாமா என்று கேட்டீர்கள். நான்கு வருடம் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்த மொழி கொரியனுக்கு உதவுமா என்று கேட்கிறீர்களே, எம்! உங்கள் லைனில் நிற்கும் ஆட்கள் வீட்டில் பேசும் மொழி அது. நாளைக்கே ஷிஃப்ட் முடிந்ததும் அவர்களிடம் 'யேதோ' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாம் வருடம் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து 'ஆஜி, யேதோ' என்றேன். இனி வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டு, 'யே' என்றார். வா.