ஃபார்மலினில் போட்ட பயாப்ஸி வீணாகிவிட்டதா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. சிறுநீரில் ரத்தமும் புரதமும் போவதால் சிறுநீரகத்தில் பயாப்ஸி எடுத்தார்கள். வழக்கமான பரிசோதனையில் முடிவு தெரியவில்லை. அல்போர்ட் நோயா என்று பார்க்க எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் பரிசோதனை வேண்டும் என்கிறார் டாக்டர். சாம்பிளை வாங்கிப்போன ஏஜென்ட்டோ, "எல்லாத்தையும் ஃபார்மலின்ல போட்டுட்டாங்க, இனி அது உதவாது, மறுபடி ஊசி குத்தித்தான் எடுக்கணும், மொத்தமா நானே பேசி முடிச்சுத் தரேன்" என்கிறார். பிள்ளையை மறுபடி ஊசிக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா? — ஒரு தாய், கும்பகோணம்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. ஃபார்மலினில் போட்டதாலேயே திசு கெட்டுவிடாது. அந்த ஏஜென்ட் சொன்னதை, திசுவைப் பரிசோதித்துச் சொல்லும் பேத்தாலஜி டாக்டர் சொன்னாரா என்று கேளுங்கள். சொல்லியிருக்க மாட்டார்.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் பரிசோதனைக்குத் திசுவை ஃபார்மலினில் போடாமல் ஏன் தனி பாட்டிலில் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய சவ்வுகளைப் பார்க்கிறது. உடலிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்தே அவை சிதையத் தொடங்கும். அவற்றை இருந்த இடத்திலேயே இறுக்கிப் பிடிக்க குளூட்டரால்டிஹைடு என்ற திரவம்தான் சிறந்தது. அது திசுவுக்குள் மெதுவாகத்தான் இறங்கும், அதனால் துண்டு 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அப்புறம் ஆஸ்மியம் என்ற ரசாயனம், ஆல்கஹால் எல்லாம் தாண்டி, பிசினில் ஊறவைத்து, சுமார் 60 டிகிரி சூட்டில் கல்லாக இறுகவிட்டு, வைரக்கத்தியால் 100 நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவுவார்கள் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). ஆகவே "அர்ஜென்ட்டுக்கு எக்ஸ்ட்ரா கொடுங்க, நாளைக்கே ரிப்போர்ட்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கமான முறையில் பிசின் இறுக மட்டுமே ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். பணம் கொடுத்தால் அது சீக்கிரம் இறுகிவிடாது.

உங்கள் மகனின் திசு இப்போது இரண்டு இடங்களில் இருக்கலாம். ஃபார்மலின் பாட்டிலிலேயே ஒரு சிறு துண்டு மிஞ்சியிருந்தால் அது நல்ல செய்தி. அதை அப்படியே இந்தப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம், படம் கொஞ்சம் சுமாராக வரும், அவ்வளவுதான். பாட்டிலில் மிச்சமில்லையென்றால், லேபில் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி இருக்கும். 'பிளாக்' என்பார்கள். ஸ்லைடு போட்ட பிறகும் அதை எறிய மாட்டார்கள், எடுத்துவைப்பதுதான் முறை. அதிலிருந்து கிளாமருலஸ் என்னும் வடிகட்டி உருண்டை இருக்கிற இடத்தை மட்டும் தோண்டியெடுத்து, மெழுகைக் கரைத்து, மறுபடி பிசினில் பதித்துப் பார்க்க முடியும். இரண்டாவது கருத்துக்காக பிளாக்கைக் கேட்டு வாங்குவது அன்றாடம் நடப்பதுதான். எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு நீங்களே வாங்குங்கள். ஏஜென்ட் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். நடுவில் தொலைந்தால் பொறுப்பேற்க ஆள் இருக்காது.

ஆனால் ஒரு விஷயத்தை நிதானமாகப் படியுங்கள், உங்கள் மகனுக்கு இதுதான் முக்கியம். அல்போர்ட் என்பது வடிகட்டிச் சவ்வின் கோளாறு. அந்தச் சவ்வைக் கட்டும் நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாவதில்லை. நோய் முற்றும்போது சவ்வு தடித்து, அடுக்கடுக்காகப் பிளந்து தெரியும். ஆரம்பத்தில், அதுவும் சிறுவர்களிடம், சவ்வு வெறுமனே மெலிந்து மட்டும் தெரியலாம். சிக்கல் இங்கேதான். மெழுகிலிருந்து மீட்ட திசுவில் எந்தச் சவ்வுமே உள்ளதைவிட மெலிந்துதான் தெரியும். ஆகவே பிளாக்கிலிருந்து செய்த பரிசோதனையில் 'பிளவு இருக்கிறது' என்று வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. 'சவ்வு மெலிந்திருக்கிறது' என்று மட்டும் வந்தால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. நானோமீட்டர் கணக்கு அச்சடித்துக் கொடுத்திருந்தாலும் சரி, கூடாது. அதோடு பெரியவர்களுக்கு இந்தச் சவ்வு 300 நானோமீட்டருக்கு மேல் இருப்பது வழக்கம். பிள்ளைகளுக்கு இயல்பிலேயே மெல்லியது, வயதோடு தடிக்கும். அதனால் வயதுக்கேற்ற அளவோடுதான் ஒப்பிட வேண்டும். திசு மெழுகிலிருந்து எடுத்ததா, ஃபார்மலினிலிருந்து எடுத்ததா என்பதை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். நிறைய ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி இருப்பதில்லை. அப்படிப்பட்ட ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு இல்லாத நோய்க்கு அழுத குடும்பங்கள் உண்டு.

அப்படி முடிவு தெரியாமல் போனாலும் அடுத்தது ஊசி அல்ல. அந்தக் கொலாஜனுக்கான மூன்று மரபணுக்களை ரத்தத்திலேயே சோதிக்கலாம். இந்த நோய் காதையும் கண்ணையும் தொடக்கூடியது என்பதால் மகனுக்குக் காது கேட்கும் திறன் சோதனையும் கண் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் சிறுநீரையும் சோதித்துவிடுங்கள். இந்த நோயில் அதிகம் காணப்படும் வகை தாய் வழியாக மகனுக்கு வருவது. அப்படிப்பட்ட தாய்மாரில் பெரும்பாலோருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுநீரில் ரத்தம் இருக்கும். ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை டாக்டருக்குப் பெரிய துப்பு கொடுக்கும்.

இந்த அலைச்சல் உங்களுக்கு வந்திருக்கவே கூடாது. சிறுநீரக பயாப்ஸி எடுக்கிற அறையில் மூன்று பாட்டில் தயாராக இருக்க வேண்டும்: ஒன்றில் ஃபார்மலின், ஒன்றில் இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாயம் போட்டுப் பார்க்கும்) சோதனைக்கான திரவம், ஒன்றில் குளூட்டரால்டிஹைடு. ஊசியில் வந்த திசுவின் முனையில் 1 மில்லிமீட்டர் வெட்டி மூன்றாவதில் போட அரை நிமிடம் போதும். தேவைப்படாவிட்டால் அது சும்மா கிடக்கட்டுமே! பல இடங்களில் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கிறது. கோடிக்கணக்கில் மைக்ராஸ்கோப் வாங்க மனம் வருகிறது, இந்தச் சின்ன பாட்டிலை வாங்கிவைக்கவும், சீவல் போடக் கைப்பழக்கம் உள்ள ஒரு டெக்னீஷியனை நிரந்தரமாக நியமிக்கவும் மனம் வருவதில்லை.

எல்லாம் பார்த்தபின் மறுபடி எடுத்தே தீர வேண்டும் என்று சிறுநீரக டாக்டரே சொன்னால், பரிசோதனை செய்யும் லேபிலிருந்தே குளூட்டரால்டிஹைடு திரவத்தை முன்கூட்டி வாங்கிக் கொடுங்கள். சர்ஜிகல் கடையில் கருவி கழுவ விற்கும் குளூட்டரால்டிஹைடும் பெயரில் அதேதான், "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று தள்ளிவிடுவார்கள். ஒன்றல்ல. அது கிருமிநாசினி. திசுவைக் காக்கத் தயாரித்தது அல்ல. திசு போட்ட பாட்டிலை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் பனிப்படிகங்கள் செல்களைக் குத்திக் கிழித்துவிடும், அந்தத் திசுவைக் காப்பாற்ற யாராலும் முடியாது. நாளைக்கே லேபுக்குப் போன் செய்து, பாட்டிலில் துண்டு மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதையும் மெழுகில் பதித்துவிடாமல் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.