சமநிலையில் முடிந்தால் யார் வெற்றி? சுற்றுப்போட்டி நடத்துபவருக்கு ஒரு பதில்

கேள்வி: அண்ணா, கொட்டாஞ்சேனையில் எங்கள் கழகம் வருடாவருடம் அணிக்கு 7 பேர் கொண்ட உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்துகிறது. போன முறை இரண்டு சண்டை. குழுநிலையில் இரண்டு அணிகளுக்கு ஒரே புள்ளி வந்ததால் நாணயம் சுண்டி ஒன்றை அனுப்பினோம். பிறகு ஓர் அரையிறுதி 1-1 என முடிந்து பெனல்டிக்குப் போனது. சிவப்பு அட்டையால் ஓர் அணியில் 6 பேர்தான். ஆளுக்கு ஒரு உதை முடிந்ததும் அவர்களின் தலைவர் இரண்டாம் முறை வந்து கோல் போட்டார். மற்ற அணியில் மிச்சமிருந்த கோல் காப்பாளர் தவறவிட்டார். தோற்றவர்கள் இன்னும் மறு ஆட்டம் கேட்கிறார்கள். இம்முறை என்ன செய்வது?

பதில்: தம்பி, அரையிறுதியிலிருந்தே தொடங்குகிறேன். பெனல்டி உதைகளுக்கு இரு அணியிலும் ஆட்கள் சமமாக இருக்க வேண்டும். 7 பேர் இருந்த அணி ஒருவரை விலக்கி, அவர் பெயரையும் இலக்கத்தையும் மத்தியஸ்தரிடம் சொல்லியிருக்க வேண்டும். உதைகளுக்கு நடுவே ஒருவர் வெளியேற்றப்பட்டாலும் இதேதான். ஏன் இந்த விதி என்பதை உங்கள் ஆட்டமே காட்டிவிட்டது. ஆள் குறைந்த அணியின் சிறந்த வீரர் சீக்கிரமே இரண்டாம் முறை வந்துவிடுவார். எதிரணியோ தன் ஏழாவது ஆளை அனுப்ப வேண்டியிருக்கும். தண்டிக்கப்பட்ட அணிக்கே அது லாபமாகிவிடும். விலக்கப்படுபவர் கோல் காப்பாளராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் விலக்கப்பட்டவர் உதைக்க வர முடியாது. காப்பாளர் காயப்பட்டால் மட்டும் அவர் இடத்துக்கு வரலாம்.

அடுத்தது, யார் அடிக்கலாம்? இறுதி விசில் ஊதும்போது களத்தில் இருந்தவர்கள் மட்டும். உங்கள் போட்டியில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவதால் இதைக் கட்டாயம் எழுதி வையுங்கள். விசிலுக்குப் பிறகு வாங்கிலிருந்து ஒருவரை எழுப்பி அனுப்ப முடியாது. 2014 உலகக் கிண்ணக் காலிறுதியில் நெதர்லாந்து மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில் காப்பாளர் டிம் குருலை இறக்கியது. அவர் கொஸ்டாரிகாவின் இரண்டு உதைகளைத் தடுத்தார். அதே யோசனையில் யூரோ 2020 இறுதியில் இங்கிலாந்து ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் கடைசி நேரத்தில் இறக்க, இருவருமே தவறவிட்டார்கள். பலன் எப்படியோ, மாற்றம் விசிலுக்கு முன் நடந்தாக வேண்டும்.

நடைமுறை எளிதுதான். நாணயம் இரண்டு முறை சுண்டப்படும்: எந்தக் கோல் பக்கம் என்பதற்கு ஒன்று, யார் முதலில் என்பதற்கு ஒன்று. அணிக்கு ஐந்து உதை. எதிரணியால் இனி எட்ட முடியாது என்றானவுடன் நிறுத்திவிடலாம். ஐந்தும் சமமென்றால் ஒவ்வொன்றாக. எல்லோரும் அடித்து முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை வரக்கூடாது. தடுக்கப்பட்டுத் திரும்பி வரும் பந்தை மறுபடி அடிக்க முடியாது. உதைக்கும் கணத்தில் காப்பாளரின் ஒரு கால் கோட்டிலோ அதன் பின்னாலோ இருக்க வேண்டும். மழை ஈரத்தில் வழுக்கி, அடித்தவரின் மற்றக் காலிலும் தற்செயலாகப் பந்து பட்டால்? 2025 ஜூலையிலிருந்து, அது கோலானால் திரும்ப அடிக்க வேண்டும். கோலாகாவிட்டால் தவறியதாகக் கணக்கு.

சிலர் தங்க கோல் வைப்போம் என்பார்கள், அதாவது மேலதிக நேரத்தில் முதல் கோல் போடும் அணிக்கே உடனே வெற்றி. 1995இல் இங்கே கொழும்பில் இந்தியாவை இலங்கை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தது அப்படித்தான். அந்த நினைவு எனக்கும் இனிப்பானது. ஆனாலும் அந்த விதி 2004இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஒரே நாளில் பல ஆட்டம், மேலே வெயில். நேரே பெனல்டிக்குப் போங்கள்.

சரி, குழுநிலைக்கு வருவோம். நாணயம் கடைசி வழி, முதல் வழியல்ல. என் வரிசை இது: முதலில் சமமான அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டம், பிறகு கோல் வித்தியாசம், போட்ட கோல்கள், அட்டைகள், எல்லாம் தீர்ந்தால் குலுக்கல். கோல் வித்தியாசத்தை முதலில் வைக்கும் போட்டிகளும் உண்டு. ஆனால் 7 பேர் ஆட்டத்தில் பலவீனமான ஓர் அணி 9-0 என்று தோற்பது சாதாரணம். அந்த ஓர் ஆட்டம் முழுக் குழுவின் முடிவையும் தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று அணிகள் சமமென்றால் அவை மூன்றும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் வைத்துத் தனி அட்டவணை போடுங்கள். அட்டைகளையும் தவறாமல் பதியுங்கள். 2018 உலகக் கிண்ணத்தில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், போட்ட கோல், தமக்குள் ஆடிய ஆட்டம் எல்லாவற்றிலும் சமம். ஜப்பானுக்கு 4 மஞ்சள் அட்டை, செனகலுக்கு 6. ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, குழு குலுக்கும் நாளிலேயே ஒவ்வொரு அணித் தலைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

மறு ஆட்டம் வேண்டாம். ஆட்டத்தின் முடிவு பற்றி மத்தியஸ்தர் சொன்னதே இறுதி என்பதும் விதிதான். தோற்ற அணியை நேரில் போய்ப் பாருங்கள். எண்ணிக்கையைச் சமமாக்கத் தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு, புதிய தாளை முதலில் அவர்களிடமே கொடுங்கள்.