நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தல்: இம்முறை வந்த கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதுகைப் பற்றியவை. சிலவற்றில் நோயாளியின் முதுகு, மிச்சத்தில் தாதியின் முதுகு. வழக்கமாகச் சொல்லும் இரண்டையும் முதலிலேயே சொல்லி விடுகிறேன். எழுதியவர்களில் பலர் இவற்றைச் செய்யாமல்தான் கேள்வி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. கட்டிலின் பிரேக்கைப் போடுங்கள். நோயாளியை இழுக்காதீர்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று படித்தோம். நான்கு மணித்தியாலம் போதும் என்கிறார் எங்கள் டொக்டர். யார் சரி?
தாதி, கிளிநொச்சி

இருவரும் சரி. அதை முடிவு செய்வது மெத்தையும் தோலும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட படைவீரர்களை இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வைத்தார். அதற்கு முன் அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்து போனார்கள். இரண்டு மணித்தியாலம் என்ற வழக்கம் அப்படி வேரூன்றியதுதான். தடித்த, நல்ல ஃபோம் மெத்தையில் தோல் பழுதில்லாமல் இருப்பவரை மூன்று, நான்கு மணித்தியாலம் விடலாம் என்பதும் உண்மை. உங்கள் வாட்டின் மெத்தை அப்படிப்பட்டதா? நோயாளி படுத்திருக்கும்போதே மெத்தைக்கு அடியில், அவருடைய நாரிக்கு நேராக, உள்ளங்கையை மேல்நோக்கி விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் முட்டினால் அந்த மெத்தைக்கு இரண்டு மணித்தியாலமே அதிகம். திருப்பி அரை மணித்தியாலம் போனபிறகும் அழுத்தம் பட்ட இடம் பழைய நிறத்துக்கு வரவில்லை என்றால் இடைவெளியைக் குறையுங்கள்.

பக்கவாட்டில் எவ்வளவு சரிக்க வேண்டும்?
ஆண் தாதி, மல்லாவி

சுமார் 30 பாகை. 90 பாகையில் நட்டு வைத்தால் முழுப் பாரமும் தொடை எலும்பின் மேல்முனையில் இறங்கி அங்கே புண் வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. வால் எலும்பு மெத்தையில் படாமல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்த பிறகு அடுத்த கட்டிலுக்குப் போங்கள்.

என் நோயாளிக்கு 16 புள்ளி வந்திருக்கிறது. ஆபத்தா?
பயிற்சித் தாதி, வவுனியா

எந்த அளவுகோலில், பிள்ளை? அதை எழுதாமல் 16 என்று மட்டும் எழுதினால் நான் என்ன சாத்திரமா பார்ப்பது? படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணிக்க மூன்று அளவுகோல்கள் பாவனையில் உண்டு. பிரேடன் அளவுகோலில் எண் குறையக் குறைய ஆபத்து கூடும். அதில் 18க்கு இறங்கினாலே கவனிக்க வேண்டும், ஆகவே 16 இலேசான ஆபத்து. வாட்டர்லோவில் தலைகீழ். எண் கூடக் கூட ஆபத்து, அங்கே 16 என்றால் கடும் ஆபத்துள்ளவர். நோட்டனிலும் எண் குறைந்தால்தான் ஆபத்து, 16 என்பது 14க்கு மேல் என்பதால் ஓரளவு ஆறுதல். வாட்டில் எது பாவனையில் இருக்கிறது என்று சிஸ்டரிடம் கேளுங்கள். நோயாளியின் பதிவேட்டிலும் அளவுகோலின் பெயரை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

பாடத்தில் 'தோல் சிவக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது' என்று இருக்கிறது. எங்கள் நோயாளிகளில் சிவப்பே தெரிவதில்லையே?
தாதி, புதுக்குடியிருப்பு

நல்ல கேள்வி. அந்த வரி வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. வெயிலில் வயல் வேலை செய்து கறுத்த தோலில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் புண் வெடித்த பிறகுதான் காண்பீர்கள். நம்மவர்களில் அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, ஊதா கலந்து தெரியும். புறங்கையை வைத்துப் பாருங்கள்: சூடாக இருக்கலாம், பிறகு குளிர்ந்தும் போகலாம். விரலால் தடவினால் இறுகியோ, சதசதவென்றோ இருக்கும். 'அதில் நோகுது' என்று நோயாளி சொன்னால் அதுவும் அறிகுறிதான். மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், யன்னலைத் திறவுங்கள், இல்லாவிட்டால் டோர்ச் அடியுங்கள்.

இரவு வேலையில் நானும் ஒரு சிற்றூழியரும் மட்டும். 80 கிலோ ஆள் ஒருவரைத் திருப்பிய நாளிலிருந்து நாரி பிடித்துவிட்டது. என்ன செய்யலாம்?
பெயர் வேண்டாம், முல்லைத்தீவு

முதலில் டொக்டரைக் காட்டுங்கள். 'போகப் போகச் சரிவரும்' என்று விட்டவர்கள் பலர் இன்று பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள்.

நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்லும் எல்லை சுமார் 16 கிலோ. 80 கிலோ ஆளின் ஒரு காலே சுமார் 13 கிலோ வரும். அதனால் தூக்குவதை மறந்து உருட்டப் பழகுங்கள். பிரேக்கைப் போடுங்கள். கட்டில் உயரும் வகை என்றால் உங்கள் இடுப்பு மட்டத்துக்கு உயர்த்துங்கள். நோயாளியை முதலில் ட்ரோ சீட்டோடு (இடுப்புக்கு அடியில் குறுக்கே விரிக்கும் துணி) கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்த்துங்கள், அப்போதுதான் திரும்பியபின் நடுவில் இருப்பார். நகர்த்தும்போது இருவரும் சீட்டின் ஓரத்தை உடம்புக்குக் கிட்டச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். தூரத்தில் உள்ள முழங்காலை மடக்கி, தூரத்துக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து உங்கள் பக்கமாக உருட்டுங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து, முழங்காலை மடித்து, உங்கள் பாரத்தைப் பின்காலுக்கு மாற்றினாலே அவர் திரும்பி விடுவார். இடுப்பைத் திருகாதீர்கள்.

இன்னொன்று. சுயநினைவுள்ளவர் என்றால் 'ஐயா, திருப்பப் போறம், காலை மடியுங்கோ' என்று சொல்லுங்கள். பாதி வேலையை அவரே செய்வார். சொல்லாமல் கை வைத்தால் பயந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். பிறகு நீங்கள் அவரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

எங்கள் வாட்டில் திருப்பும் அட்டவணை ஒருநாளும் விடுபட்டதில்லை. அப்படியும் ஒரு நோயாளிக்கு வால் எலும்பில் ஆழமான புண் வந்துவிட்டது. மெத்தைதான் காரணமோ?
சிரேஷ்ட தாதி, வன்னி

மெத்தையும் காரணமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிய முதல் வசனத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒருநாளும் விடுபடாத அட்டவணைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடது, மல்லாக்க, வலது. இடது, மல்லாக்க, வலது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே கையொப்பம், வேலை முடியும் நேரத்தில் மேலிருந்து கீழாக ஒரே மூச்சில். ஒரு வாட்டில், பத்து மணிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன நோயாளி பத்து மணிக்குக் கட்டிலில் இடது பக்கமாகப் படுத்திருந்ததாக எழுதியிருந்தது. இன்னொன்றில் விடியற்காலை இறந்தவரைக் காலை எட்டு மணிக்கு வலது பக்கம் திருப்பியிருந்தார்கள்.

இதை எழுதும் தாதியரைத் திட்டுவது எனக்கு நோக்கமில்லை. நாற்பது பேர் படுத்திருக்கும் வாட்டில் இரவில் இரண்டு பேர், அதில் ஒருவர் சேலைனுக்கும் மருந்துக்கும் ஓடினால், மற்றவர் எத்தனை பேரைத் திருப்புவார்? ஏலாது. ஆனால் ஏலாது என்பதை எழுதாமல் கட்டங்களை நிரப்பிவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? மேலிடத்தில் அந்தக் கோப்பைப் பார்ப்பவருக்கு 'இரண்டு பேர் போதும், எல்லாம் நேரத்துக்கு நடந்திருக்கிறது' என்றுதான் தெரியும். அடுத்த வருடம் ஆள் கேட்டால் உங்கள் கையெழுத்தையே எடுத்து உங்களுக்குக் காட்டுவார்கள். புண் வந்தால் குற்றமும் உங்கள் மேல்தான், ஏனென்றால் ஆள் குறைவு என்பதற்கு ஒரு துண்டுச் சாட்சியும் இல்லை.

வெறும் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: 'ஆள் இல்லை', 'நோயாளி மறுத்தார்', 'அவசர நோயாளி வந்தார்'. திருப்பியபோது நான்கு விடயம் எழுதினால் போதும். உண்மையான நேரம், எந்தப் பக்கம், தோல் எப்படி இருந்தது, யார் திருப்பினார்கள். அட்டவணை கால்மாட்டில் தொங்க வேண்டும். சிஸ்டரின் மேசைக்குள் இருந்தால் மறுபடியும் கடைசி நேரத்தில் ஒரே பேனாவால்தான் நிரம்பும். ஆள் குறைந்த இரவில் நாற்பது பேரையும் சமமாக நினைக்காதீர்கள். தானாகத் திரும்பக்கூடியவர்களை விட்டுவிட்டு, அசையவே முடியாத ஐந்தாறு பேரைத் தெரிந்தெடுத்து அவர்களை ஒழுங்காகத் திருப்புங்கள். நோயாளியோடு நிற்கும் சொந்தக்காரருக்கு உருட்டும் முறையைக் காட்டிக் கொடுங்கள். ஆனால் தோலைப் பார்ப்பது உங்கள் வேலை, அதை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

உங்கள் நோயாளியைப் பற்றி ஒரு கேள்வி. அவருடைய தலைமாட்டை எத்தனை பாகைக்கு உயர்த்தி வைத்திருந்தீர்கள்? 30க்கு மேல் போனால் ஆள் கீழே வழுக்குவார். தோல் பெட்சீட்டில் ஒட்டிக்கொள்ள எலும்பு மட்டும் கீழே இறங்கும். உள்ளே இரத்தக்குழாய் நெரிபடும். பிறகு கக்கத்தில் கை கொடுத்து மேலே இழுப்பீர்கள், மிச்சமும் கிழியும். இழுக்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுவது இதற்காகத்தான்.

குதிக்காலுக்கு அடியில் குளவ்ஸில் தண்ணீர் நிரப்பி வைக்கிறோம். சரியா?
தாதி, மாங்குளம்

சரியில்லை. வெறும் சேலைன் பையும் காற்று வளையமும்கூட வேண்டாம். வளையம் நடுவில் அழுத்தத்தைக் குறைப்பதுபோல் தெரிந்தாலும் சுற்றிவர இரத்தத்தை மறிக்கும். கெண்டைக்கால் முழுவதற்கும் நீளவாக்கில் தலையணை வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, குதிக்கால் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். குதிக்காலுக்கும் மெத்தைக்கும் இடையில் ஒரு கடதாசி தடையில்லாமல் போய்வர வேண்டும்.

முதுகுக்கு ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டுத் தேய்க்கலாமா?
ஓய்வுபெற்ற சிற்றூழியர், வவுனியா

அந்தக் காலம் போய்விட்டது, அண்ணை. ஸ்பிரிட் தோலை உலர்த்தும், பவுடர் வியர்வையில் கட்டிபடும், நிறம் மாறிய இடத்தைத் தேய்த்தால் உள்ளே கிழியும். கழுவி, ஒற்றித் துடைத்து, கொஞ்சம் வஸ்லின்.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் வேலை செய்யாது. கட்டில் இல்லை, சீமெந்துத் தரையில் பாயில்தான். எப்படித் திருப்புவது?
மகள், ஒட்டுசுட்டான்

முதலில் பாயின் மேல் ஒரு ஸ்பொஞ்ச் மெத்தை போடுங்கள், தங்கச்சி. றப்பர் சீட் போட்டால் அதன் மேல் பருத்திச் சேலையை மடித்து விரியுங்கள். இந்த வெக்கையில் றப்பர் நேராகத் தோலில் பட்டால் வியர்த்து ஊறிப்போகும். திருப்பும்போது நின்றபடி குனியாதீர்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் இரண்டு முழங்காலையும் ஊன்றி இருந்து உருட்டுங்கள். இயங்காத கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும். அந்தக் கையை எப்போதும் தலையணை மேல் வையுங்கள். இடது பக்கமும் படுக்க விடலாம், ஆனால் இடது தோளைச் சற்று முன்னே கொண்டுவந்து வைக்க வேண்டும், அது உடம்புக்கு அடியில் நசியக் கூடாது. ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் நேரில் பழகிக்கொள்ளுங்கள்.

ஷெல் துண்டு பட்டு நெஞ்சுக்குக் கீழ் இயங்காத தம்பியை வலது பக்கம் திருப்பினால் சில நாட்களில் தலை வெடிக்கிறது என்கிறார், முகம் வியர்த்துக் கொட்டுகிறது. பனடோல் கொடுக்கிறோம். சரியா?
அண்ணன், துணுக்காய்

பனடோலை விடுங்கள், இது அவசரம். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, உடம்பின் கீழ்ப்பகுதியில் ஏதாவது நெருடினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். வலிப்பு வரலாம், மூளையில் இரத்தம் கசியலாம். உடனே தலையை உயர்த்தி இருத்துங்கள், காலைத் தொங்க விடுங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். பிறகு சிறுநீர் போகும் கதீட்டர் குழாயைப் பாருங்கள். அநேகமாகத் திருப்பும்போது அது அவருடைய தொடைக்கு அடியில் மடங்கியிருக்கும், அல்லது பை நிரம்பியிருக்கும். அதில் பிழையில்லை என்றால் மலச்சிக்கலோ படுக்கைப்புண்ணோ காரணமாகலாம். அழுத்தம் இறங்காவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 2009க்குப் பிறகு வன்னியில் இப்படி வீட்டில் இருப்பவர்கள் ஏராளம். மாங்குளத்தில் உயிரிழை அமைப்பில் அதே காயத்தோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடும் கதைத்துப் பாருங்கள்.

பனையிலிருந்து விழுந்தவரை வாட்டுக்கு ஏற்றியதும் நானும் இன்னொருவரும் திருப்பி முதுகைப் பார்த்தோம். காயம் எதுவும் இல்லை. சரிதானே?
தாதி, வன்னி

காயம் இல்லை என்பது அதிர்ஷ்டம். இரண்டு பேர் திருப்பியது பிழை. உயரத்திலிருந்து விழுந்தவர், ட்ராக்டர் பிரண்டவர் எல்லோருக்கும் எக்ஸ்ரே பார்த்து டொக்டர் சொல்லும்வரை முள்ளந்தண்டு உடைந்ததாகவே நினைக்க வேண்டும். தலைக்கு ஒருவர், உடம்புக்கு மூவர், முதுகைப் பார்க்க இன்னொருவர். தலையைப் பிடிப்பவர்தான் கட்டளை சொல்வார். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே கோட்டில் திரும்ப வேண்டும். ஐந்து பேர் சேரும்வரை அவரை அசைக்காமல் வைத்திருங்கள்.

காற்று மெத்தை வாங்கிவிட்டோம். இனித் திருப்பத் தேவையில்லைதானே?
குடும்பத்தவர், பரந்தன்

தேவை. கரண்ட் போனால் அது வெறும் பிளாஸ்டிக். மேலே மூன்று நான்கு பெட்சீட்டை மடித்துப் போட்டால் கரண்ட் இருந்தும் பலனில்லை.

பக்கவாட்டில் திருப்பி வைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி மல்லாந்து விடுகிறார் ஒரு வயோதிபர். கையைக் கட்டிலோடு கட்டலாமா?
தாதி, செட்டிகுளம்

கட்டக் கூடாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் மல்லாக்கிறாரா, ஒரு பக்கம் மட்டுமா? அதைக் கவனித்து எழுதியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத் தோளையும் இடுப்பையும் தொட்டுப் பாருங்கள், நோ இருக்கும். இரண்டு பக்கமும் என்றால் முதுகுத் தலையணை மெலிந்து போயிருக்கும். போர்வையை இறுகச் சுருட்டித் தோளிலிருந்து இடுப்புவரை அண்டை கொடுங்கள். அப்புறம், அவருடைய முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். சுவரைப் பார்த்துப் படுக்க யாருக்கும் பிடிக்காது. கட்டிலைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, வாசலில் போகிற வருகிற ஆட்களைப் பார்க்கும்படி படுக்க வையுங்கள். இழுத்து முடிந்ததும் பிரேக்கைப் போடுங்கள்.